மூன்றாவது விரிப்புக்குள்

பிப்ரவரி 9

அன்புள்ள சித்திக்கு,

நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அம்மாவுக்கு முதுகுவலி. இரட்டை வால்கள், என் தம்பிகள் இரண்டுக்கும் சளி. அப்பாவுக்கு எப்போதும்போல இரவு வேலை. எனக்கு ஒன்றும் இல்லை.

இது உங்கள் கையில் இருக்கிறது என்றால் பார்சலில் மூன்றாவது விரிப்பை நீங்களே உதறியிருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கடைகளுக்காக அம்மா தைத்து மாதம் இரண்டு முறை அனுப்பும் மெத்தை விரிப்புப் பார்சலைக் கட்டுவது நான்தான். இனிமேலும் மூன்றாவதை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்காமல் நீங்களே உதறுங்கள். பதில் எழுதினால், நீங்கள் அனுப்பும் துணி ரோலுக்கு நடுவே ஓர் அட்டைக் குழல் இருக்குமே, அதற்குள் சுருட்டி வையுங்கள். ரோலைப் பிரிப்பதும் நான்தான். போனில் பேச வழியில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுதான் அம்மாவின் கடை.

இப்போது மணி இரண்டு. தையல் மிஷின் இருக்கும் அறையில்தான் என் கட்டில். டார்ச்சை மிஷின் மேல் சாய்த்து வைத்து எழுதுகிறேன். அம்மா எழுந்து வந்தால் செத்தேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு விரிப்போடும் ஓர் அட்டை வைக்கிறோம். அதில் என் படம் இருக்கிறது. ஆறு வயதில் முன்பல் இல்லாமல் சிரிக்கும் படம். கீழே இருப்பது எனக்கு மனப்பாடம், தினமும் அதை மடிப்பவள் நான். "எங்கள் மூத்தவள் ஒன்பது வயதுவரை படுக்கையை நனைத்தாள். ஒரு விடியற்காலை நனைந்த போர்வையைப் பக்கத்து வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டு, பூனை முகத்தோடு வந்து படுத்துக்கொண்டாள். அன்றுதான் இந்த விரிப்பைத் தைத்தேன். ஒரே மாதத்தில் அவளுக்கு நின்றுவிட்டது."

என் வகுப்பில் நெட்டை என்று ஒருத்தி. அவள் வீட்டில் புதிதாகத் தம்பி பிறந்திருக்கிறான். அவனுக்கு நம் விரிப்பை வாங்கியிருக்கிறார்கள். போன வாரம் அவள் அந்த அட்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து என் மேஜையில் ஒட்டிவிட்டாள். கோந்து நல்ல கோந்து. நகத்தால் சுரண்டியும் பல் இல்லாத வாய் மட்டும் வரவில்லை. இப்போது ஏழாம் வகுப்பு முழுக்க என்னைக் காலையில் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "என்னடி, இன்னிக்குக் காஞ்சுதா?"

அட்டையை மாற்றச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள் சித்தி. நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். உங்கள் பேச்சை மட்டும்தான் அவள் கேட்பாள்.

குழலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அட்டையில் உள்ளபடி,
மூத்தவள்


பிப்ரவரி 23

என் எலிக்குட்டிக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். துணிக் கிடங்கு வேலையில் தூசி அதிகம், தும்மிக்கொண்டே துணி அளக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் எல்லாருடைய சளியும் இதற்குள் போயிருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. நெட்டையை விடு. அந்த வயதுப் பெண்களுக்கு ஒரு விஷயம் ஒரு மாதத்துக்கு மேல் இனிக்காது. இன்னொருத்தி கிடைத்தால் அங்கே போய்விடுவார்கள்.

அம்மாவை நினைத்துப் பார். போன வாரம் என்னோடு போனில் பேசும்போதே இன்னொரு போன் வந்தது. "ஆமாங்க, நல்லா உறிஞ்சுங்க, துவைச்சாலும் சுருங்காதுங்க" என்று யாரிடமோ தேனாகப் பேசிவிட்டு, மூச்சு விடாமல் "கத்தரிக்கோலைக் கீழே வைடா, கண்ணு போயிடும்" என்று வாலை அதட்டிவிட்டு, மறுபடி என்னிடம் வந்து "எங்க விட்டேன்?" என்றாள். இரண்டு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு, கையைவிட்டுப் போன வேலைக்குப் பதிலாக அவளே உண்டாக்கிக்கொண்ட வேலை இது. அவளிடம் இப்போது எதையும் மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

நீ மூன்று வயதில் என் பேனா மூடியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, பூனை முகத்தோடு உட்கார்ந்திருந்தாய். வீடே தேடியது. அப்போதும் நீதான் ஜெயித்தாய். இப்போதும் ஜெயிப்பாய்.

நேரத்தோடு தூங்கு. அந்த நேரத்தில் என்ன முழிப்பு உனக்கு?

அணைத்துக்கொண்டு,
சித்தி


மார்ச் 8

அன்புள்ள சித்திக்கு,

தும்மல் நின்றதா? இங்கே சளி போய் இருமல் வந்திருக்கிறது. தாளின் ஓரம் நெளிந்திருந்தால் மன்னியுங்கள், தண்ணீர் பட்டுவிட்டது.

நெட்டைக்கு இன்னொருத்தி கிடைக்கவில்லை. ஒரு மாதம் ஆகிவிட்டது. நீங்கள் சொன்னது தப்பு.

இப்போது அதைவிடப் பெரியது ஒன்று. ஜூன் 14 அன்று வீட்டுத் தொழில் செய்யும் பெண்களுக்கு ஒரு கண்காட்சி நடக்கிறது. பத்துப் பேர் மேடையில் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஜெயிப்பவருக்குக் கடைத்தெருவில் உள்ள பெரிய குழந்தைத் துணிக்கடையில் ஒரு வருடத்துக்கு ஓர் அலமாரி. அம்மா பத்தில் ஒருத்தியாகத் தேர்வாகியிருக்கிறாள். அந்த அலமாரி கிடைத்தால் விற்பனைக்காகப் போனில் வீடியோ எடுக்க வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு யாரோ "விலை என்ன" என்று கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டாம் என்கிறாள். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அம்மா. இரண்டு நிமிடம் நான்.

மிஷினை ஓட்டிக்கொண்டே, மடியில் பெரிய வாலை வைத்துக்கொண்டு, எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"'எனக்கு ஒரே மாசத்துல நின்னுடுச்சு.' எங்க, சொல்லு."

"வேணாம்மா."

"என்ன வேணாம்? நாலு வார்த்தை. நாக்கு தேஞ்சா போயிடும்?"

"வெட்கமா இருக்கு."

"பொய்யா சொல்லச் சொல்றேன்? நடந்ததத்தானே சொல்லப்போற?"

நான் நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன். சின்ன வால் நடு அறையில் நின்று எனக்குப் பதிலாக ஒப்பித்தான். "ஒரே மாசத்துல நின்னுச்சு." சொல்லும்போதே டிரவுசர் நனைந்து தரையில் குளம் கட்டியது. அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று ராத்திரி குளியலறையில் இருந்தபோது பெரிய வால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, நீ ஏன் இருட்டுல துவைக்கிற?" என்றான். அவனுக்கு என் கலர்ப் பென்சில் டப்பாவைக் கொடுத்துவிட்டேன். முழு டப்பா.

ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக் கொடிக்குப் போக எனக்கு இறக்கை வேண்டும். அந்தப் போர்வைக் கதை என்னுடையது இல்லை. அம்மாவிடம் கேட்டால், "கதைன்னா முன்ன பின்னதான் இருக்கும், போய்ப் படி" என்கிறாள். யார் எழுதினார்கள் அதை? என் படத்துக்குக் கீழே யாருடைய போர்வை அது?

மேடை ஏற முடியாது சித்தி. அதைச் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள்.

பயத்தோடு,
மூத்தவள்


மார்ச் 30

சித்திக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம்.

போன வாரம் ரோல் வந்தது. குழலுக்குள் ஒன்றும் இல்லை. கையை விட்டுப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இப்போது வால்கள் அதைத் தொலைநோக்கியாக வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள்.

பதில் வராததால் உங்கள் பழைய கடிதத்தை நிறைய முறை படித்தேன். "பூனை முகத்தோடு உட்கார்ந்திருந்தாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டையில் "பூனை முகத்தோடு வந்து படுத்துக்கொண்டாள்" என்று இருக்கிறது. அம்மா அப்படிப் பேசுவதே இல்லை. அவள் "திருட்டு முழி" என்பாள்.

அட்டையை எழுதியது நீங்களா?

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று போதும். சளி, தும்மல் எதுவும் எழுத வேண்டாம்.

மூத்தவள்


ஏப்ரல் 15

எலிக்குட்டிக்கு,

ஆமாம். நான்தான் எழுதினேன்.

மூன்றரை வருடத்துக்கு முன்னால், வால்கள் பிறந்து நான்கு மாதம்கூட ஆகாதபோது உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். ஒன்று அழுதால் இன்னொன்று அழும். உன் அம்மா ஒருத்தனைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பத்து விரிப்பைத் தைத்தாள். "சும்மா விரிப்புன்னு போட்டா யாருடி வாங்குவா, மனசுல படுற மாதிரி ரெண்டு வரி எழுதிக் குடு" என்றாள். நான் எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்தோம். உன்னை யாரும் கேட்கவில்லை. அது தப்பு. அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கொடியும் போர்வையும் வேறொருத்தியுடையது. யார் என்று கேட்காதே.

நான் ஒன்று கேட்கிறேன், பதில் வேண்டாம். உன் கடிதம் மூன்றிலும் துணி சோப்பு வாசனை. இரவு இரண்டு மணி. இருட்டில் துவைக்கிறாய் என்று பெரிய வால் பார்த்திருக்கிறான். உனக்கு நின்றுவிட்டது என்று நான் எழுதினேன். நிற்கவில்லை, அப்படித்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள். டாக்டரிடம் போகலாம், அது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

சித்தி


ஏப்ரல் 27

நலம் கேட்கவில்லை.

வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்றால் அந்த வேறொருத்தியின் படத்தைப் போட்டிருக்கலாமே. அவள் பெயரை எழுதியிருக்கலாமே. அவளுக்கு மட்டும் யார் என்று கேட்காதே. எனக்கு மட்டும் பல் இல்லாத வாயோடு ஊர் முழுக்க அட்டை.

ஆமாம், நிற்கவில்லை. எழுதிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நாலு. இந்தத் தாளை யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

அட்டை வந்த அன்று எனக்கு ஒன்பது வயது. நின்றுவிட்டது என்று அதில் அச்சாகிவிட்டது. அதனால் நான் நிறுத்தியாக வேண்டும் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டேன். தூங்காமல் உட்கார்ந்து பார்த்தேன். நிற்கவில்லை. அதனால் மறைத்தேன். அலமாரி அடியில் தையல் கோணலானதால் ஒதுக்கிவைத்த விரிப்பு எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும். அதில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வேன். நனைந்தால் அலசி, மிஷினுக்குப் பின்னால் உலர்த்தி, விடிவதற்குள் மடித்து வைத்துவிடுவேன். மூன்று வருடமாக. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் என் பெயரைச் சொல்லி நிம்மதியாக நனைக்கிறார்கள். நான் ஒதுக்கினதில் படுக்கிறேன்.

ஜூன் 14 அன்று நான் மேடையில் "நின்னுடுச்சு" என்று சொன்னால் பொய். "நிக்கல" என்று சொன்னால் அன்றோடு அம்மாவின் கடை போயிற்று. கடை போனால் வால்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அப்பா சம்பளம் வாடகைக்கே போய்விடும். இரண்டில் எதைச் சொல்வது? எழுதத் தெரிந்தவர் நீங்கள்தானே, இதையும் எழுதிக் கொடுங்கள்.

அந்தக் கொடி யாருடையது? என் படத்தைக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். யாருக்கு என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

நான்


மே 10

எலிக்குட்டிக்கு,

நலம் கேட்டு எழுத எனக்கு முகம் இல்லை. நேராகச் சொல்கிறேன்.

அந்தக் கொடி என்னுடையது.

எனக்குப் பதினான்கு வயதுவரை இருந்தது. எங்கள் வீடு தரைத்தளம். பக்கத்து வீட்டுக் கொடி கைக்கெட்டும் தூரம். ஒரு விடியற்காலையில் போர்வையை அங்கே போட்டுவிட்டு வந்து படுத்தேன். உன் அம்மா முழித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய் அதை எடுத்து, திரும்ப அலசி, எங்கள் கொடியிலேயே போட்டாள். காலையில் கேட்டவர்களிடம், "நான்தான் தண்ணி சொம்பைத் தட்டி விட்டுட்டேன்" என்றாள். அன்றிலிருந்து என் போர்வை எல்லாமே அவள் தட்டிவிட்ட சொம்புதான். வீட்டில் அவளுக்குக் கை நடுங்கி என்று பட்டப்பெயரே வந்தது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன் சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது.

அட்டை எழுதும்போது உன் அம்மா கேட்டாள்: "உன் கதையையே போடலாமா? பேர் வேணாம், 'என் தங்கச்சி'ன்னு மட்டும்." நான் பதறிவிட்டேன். அவளுக்கு இருப்பது ஒரே தங்கை. "ஐயோ வேணாம்க்கா, கிடங்குல தெரிஞ்சா, அவர் வீட்டுல தெரிஞ்சா... பாப்பா கதையா போட்டுடு. அதுக்கும்தான் இருக்கே. குழந்தைன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க." இதுதான் நான் சொன்னது, ஒரு வார்த்தை மாறாமல். என் போர்வையை இரண்டாவது முறையும் அடுத்தவர் கொடியில் போட்டேன்.

ஜூன் 14க்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. யோசிக்கிறேன். திட்டு. திட்டி எழுது.

சித்தி


மே 17

தங்கைக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். அடுத்த ரோலில் வெள்ளை போதும், நீலம் வேண்டாம், நீலத்தில் மேல்பூச்சு உரிகிறது என்று இரண்டு பேர் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

போனில் பேசினால் கத்துவேன், பிள்ளைகள் எழுந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நேற்று ரோல் வந்தபோது மூத்தவள் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். தொலைநோக்கி வேண்டும் என்று சின்னவன் அழுதான். துணியைத் தள்ளிக் குழலை உருவிக் கொடுத்தேன். கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இருட்டா இருக்கு" என்றான். உன் கடிதம் இருந்தது. படித்துவிட்டேன்.

எனக்குத் தெரியாமல் என் பார்சலிலேயே தபால் நடத்தியிருக்கிறீர்கள் இரண்டு பேரும். நல்லது. உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் கையில் ஊசி ஏறிவிட்டது. அவள் என்னிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டு என்னிடம் துணி நிறம் பேசியிருக்கிறாய்.

ஒன்று தெரிந்துகொள். எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்தால் இரண்டு பேரும் மடையர்கள். பதினைந்து வயதிலிருந்து நான் தையல் போடுகிறேன். எனக்குத் தையல் கோணாது. அலமாரி அடியில் கிடக்கிறதே, அந்தக் கோணல் விரிப்பு, அதை மாதம் ஒன்று கண்ணைத் திறந்துகொண்டுதான் கோணலாகத் தைக்கிறேன். நல்லதை வைத்தால் எடுக்கப் பயப்படுவாள்.

கேட்டால் உடைந்துவிடுவாள் என்று கேட்கவில்லை. உன்னையும் நான் கேட்கவில்லையே. நின்றுவிட்டது என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டால் அவளை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அதனால் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. உன் கடிதத்திலும் இல்லை. அவள் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவும் இல்லை, நீ சொல்லவும் வேண்டாம். அவளே சொல்லட்டும்.

கடிதத்தைத் திரும்பச் சுருட்டிக் குழலிலேயே வைத்துவிட்டேன். பதினான்காம் தேதி அவளை ஏற்ற மாட்டேன். ஆனால் எனக்கு அந்த மேடை வேண்டும். யார் ஏறுவது என்று நீயே யோசி.

இரண்டும் எழுந்துவிட்டன.

அக்கா


மே 24

சித்திக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். கோபம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் இடமிருந்து சுருட்டுவீர்கள். இது வலமிருந்து சுருட்டியிருந்தது. ஓரத்தில் வாலின் பல் தடம் வேறு. அம்மா படித்துவிட்டாள் என்று தெரிந்தது. நாள் முழுக்க அவள் எப்போதும்போல் இருந்தாள். சாதம் போட்டாள், வால்களைக் குளிப்பாட்டினாள், போனில் யாரிடமோ "உறிஞ்சுங்க" என்றாள். ராத்திரி என் கட்டிலைப் பார்த்தால் புது விரிப்பு விரித்திருந்தது. கோணல் இல்லாதது.

அன்றைக்கும் நனைந்தது. குளியலறைக்குப் போனால் அம்மா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"தள்ளு," என்றாள்.

"நானே அலசிக்கிறேன்."

"நீ அலசுறது எனக்குத் தெரியும். நுரையே போகாது. தள்ளு."

அலசினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எப்பலருந்து தெரியும்?"

"எப்பவும்தான்."

"அப்புறம் ஏன் நின்னுடுச்சுன்னு போட்ட?"

பிழிந்துகொண்டே இருந்தாள். எனக்காகத்தான் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னால் கத்திவிடலாம் என்று தயாராக இருந்தேன்.

"வித்துச்சு," என்றாள். "அந்த வரி இல்லாம பத்துகூடப் போகல. அந்த வரி போட்டதும் போச்சு."

இத்தனை வருடத்தில் எனக்கு வந்த கோபத்திலேயே பெரியது அப்போதுதான் வந்தது. ஆனால் சித்தி, அந்த அட்டையைப் பற்றி யாராவது என்னிடம் சொன்ன முதல் உண்மையும் அதுதான். நெட்டையைப் பற்றி, மேஜையைப் பற்றி, கோந்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடாமல் கேட்டாள். வாளி வழிந்துகொண்டே இருந்தது.

இனி உங்களுக்கு. நீங்கள் பெரியவர், வேலைக்குப் போகிறவர், அதனால் உங்களுக்கு வெட்கம் இருக்கலாம். எனக்கு ஒன்பது வயது, அதனால் வெட்கம் கிடையாது. இப்படி யார் சொன்னார்கள் உங்களுக்கு? பதினான்கு வயதுவரை இருந்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போனது? திட்டச் சொன்னீர்கள். இவ்வளவுதான் எனக்குத் திட்டத் தெரியும்.

நான்


ஜூன் 3

எலிக்குட்டிக்கு,

நான் நன்றாக இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடைசிக் கேள்வியைப் படித்த அன்றே ஒன்று செய்தேன்.

உன் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அதான் எங்க வீட்டுக்கு வந்த முதல் மாசம் பூரா தூங்காம உக்காந்திருந்தியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். இருபது வருடமாக நான் பயந்தது இந்த ஒரு கேள்விக்குத்தானா என்று இருந்தது.

பதின்மூன்றாம் தேதி வருகிறேன். மேடையில் உன் இரண்டு நிமிடம் எனக்கு. உன்னைப் பற்றி ஒரு சொல் வராது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா, கூடாதா, நேரில் சொல். நீ வர வேண்டாம் என்றால் அதையும் சொல்.

சித்தி


ஜூன் 21

அன்புள்ள சித்திக்கு,

நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கட்டிப்போன உங்கள் குரல் சரியாகிவிட்டதா? இங்கே எல்லாரும் நலம். நானும்.

நீங்கள் இருந்த இரண்டு நாளும் உங்களோடு சரியாகப் பேசவில்லை. வேண்டுமென்றுதான். மேடையில் நீங்கள் பேசியபோது நான் வீட்டில் வால்களோடு இருந்தேன். மறுநாள் காலை, நீங்கள் பஸ் ஏறின பிறகு, அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்டேன். "அந்தக் கொடி என்னோடது, அந்தப் பொண்ணு நான்தான்" என்று சொன்னீர்களாம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்களாம். சிரித்து முடிக்கட்டும் என்று நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தீர்களாம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். பரிசை மட்டும் பொம்மை சோப்பு செய்கிறவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "சோப்புக்குக் குடுத்துட்டாங்க, சோப்புக்கு," என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறாள். அலமாரி இல்லை. ராத்திரி பத்து மணிக்கு விலை கேட்கும் போன் இன்னும் வருகிறது.

மிச்சம் இருந்த பழைய அட்டை முழுவதையும் அம்மா வால்களிடம் கொடுத்துவிட்டாள். பின்பக்கம் என் கலர்ப் பென்சிலால் கிறுக்குகிறார்கள். முன்பக்கம் என் எல்லாப் பல்லையும் சின்ன வால் வரைந்து முடித்துவிட்டான். பழைய வீடியோக்களை அம்மா அழித்தாள். ஆனால் வெளியே போன அட்டை போனதுதான். யார் யார் வீட்டு மேஜை டிராயரிலோ நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. அம்மா மேல் பாதி, உங்கள் மேல் பாதி. குறையும்போது சொல்கிறேன்.

திங்கட்கிழமை நெட்டை வந்து, "காஞ்சுதா?" என்றாள். "இல்ல. வந்து துவைக்கிறியா?" என்றேன். அவளுக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. நாளை கண்டுபிடித்துவிடுவாள். அடுத்த வாரம் அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறாள்.

புது அட்டையை நான் எழுதினேன். படம் கிடையாது. அம்மா படித்துவிட்டு, "இப்படிப் போட்டா யாருடி வாங்குவா?" என்றாள். "நனையிறவங்க வாங்குவாங்க," என்றேன். இன்னொரு முறை படித்தாள். பிறகு அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

முதல் அட்டை உங்களுக்கு. மூன்றாவது விரிப்புக்குள் இனிக் கடிதம் வைக்க வேண்டியதில்லை, அம்மாவே தபால்தலை வாங்கித் தந்திருக்கிறாள். இருந்தாலும் இதை அங்கேதான் வைக்கிறேன்.

"இந்த விரிப்பு படுக்கை நனைவதை நிறுத்தாது. மெத்தையை நனைய விடாது. குளிர்ந்த தண்ணீரில் அலசவும். நிழலில் உலர்த்தவும். பிள்ளையை ஒன்றும் கேட்க வேண்டாம்."

பிழை இருந்தாலும் திருத்தாதீர்கள்.

நான்